அப்பாவுக்கு ஒரு சபை

ஜெர்மனிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். தெருவில் ஆளே இல்லை. கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. பேருந்து நிறுத்தத்தில் ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. ஒரு வீட்டுச் சன்னல் திறந்திருந்தது, உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கேட்பதற்கு ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு தெரு நடந்தேன். மூன்றாவது தெருவிலும் ஆள் இல்லை. கர்த்தரின் வருகை நடந்துவிட்டது, எல்லோரையும் எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். வயது இருபத்தொன்பது, செவிலியர் பட்டம் வாங்கியவள், கோயம்புத்தூரிலிருந்து தனியாக விமானம் ஏறி வந்தவள், வெறும் பையோடு நடுத்தெருவில் நின்று அழப் பார்த்தேன். அப்போது ஒரு பெரியவர் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். கற்று வைத்திருந்த ஜெர்மனில் “எல்லோரும் எங்கே?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு “ஸொன்டாக்” என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். “அது தெரியும், மனிதர்கள் எங்கே?” என்றேன். “வீட்டில்தான்” என்றார். நான் மூன்று முறை நன்றி சொன்னேன். இவ்வளவு நன்றி எதற்கு என்று அவருக்கு விளங்கியிருக்காது.

என்னைப்போல் ‘ஆவிக்குரிய சபை’யில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கர்த்தர் ஒருநாள் திடீரென்று வருவார், தம்முடையவர்களை இமைப்பொழுதில் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் இங்கேயே கிடந்து அல்லல்படுவார்கள் என்று எங்களுக்குப் போதிக்கப்பட்டது. இரகசிய வருகை என்று பெயர். கோவையில் கணபதிப் பகுதியில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பள்ளி விட்டு வந்து, கதவு திறந்து கிடந்து, அம்மா கண்ணில் படாவிட்டால் எனக்கு உயிர் போய்விடும். பெட்டிக்கடைக் காயின் போனுக்கு ஓடிப்போய் பாஸ்டர் வீட்டுக்குப் போன் போடுவேன். அவர் எடுத்து “ஸ்தோத்திரம்” என்று சொன்னதும் வைத்துவிடுவேன். பாஸ்டரே இருக்கிறார் என்றால் வருகை நடக்கவில்லை. அம்மா பக்கத்து வீட்டுச் சரசக்காவிடம் கறிவேப்பிலை வாங்கப் போயிருப்பாள். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது, அப்பா அந்தச் சபையை விட்டு விலகும் வரை. அந்தப் பாஸ்டரே வஞ்சிக்கப்பட்டவர், அவரே போகமாட்டார் என்று அப்பா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். இனிமேல் நான் யாருக்குப் போன் போடுவது?

அப்பா லேத் பட்டறைக்காரர். பம்புசெட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைப் பட்டறையில் ‘தவ்’ என்பார்கள். ஒரு தவ் கூடினாலும் பேரிங் ஏறாது, ஒரு தவ் குறைந்தாலும் பிடிப்பில்லாமல் வழுக்கிச் சுற்றும். சத்தியமும் அப்படித்தான் என்பது அப்பாவின் கட்சி. கர்த்தர் ஒரே சபையைத்தான் கட்டினார், அது எங்கோ இருக்கிறது, நாம்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும். அவர் பிறந்தது லுத்தரன் குடும்பத்தில். அந்தக் காலத்தில் ஜெர்மானிய மிஷனரிகள் வந்து நட்டுவிட்டுப் போன கோயில். அங்கே குழந்தைக்கு நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அது வேதத்தில் இல்லை என்று எனக்கு ஐந்து வயதாகும்போது விலகினார். சும்மா விலகவில்லை. ஏன் விலகுகிறேன் என்று வசன ஆதாரங்களோடு நான்கு பக்கம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். அதன் பிறகு எந்தச் சபையை விட்டு வந்தாலும் அப்படியொரு கடிதம் உண்டு. ஏழு சபை, ஏழு கடிதம்.

இரண்டாவது சபையில் நகை கூடாது. அம்மா தோடு, வளையல், கடைசியில் தாலியையும் கழற்றினாள். சிலுவை பதித்த சின்னத் தாலிதான். கழற்றிய மறுநாள் சரசக்கா வாசலில் நின்று பதறினார். “ஏனுங்க அம்மணி, அண்ணன் நல்லாத்தானுங்களே இருக்காரு? கழுத்தென்னங்க மொட்டையாக் கெடக்குது?” அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெளியே போகும்போதெல்லாம் அப்படியே போர்த்திக்கொள்ளப் பழகினாள். புருஷன் இருக்கும்போதே இப்படிக் கழற்றினோமே, இதனால் அவருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதைச் சொன்னால் அவிசுவாசம் என்பார்கள் என்ற பயமும் இருந்தது. எங்கள் வீட்டில் பயத்துக்குமேல் பயம் அடுக்கி வைத்திருந்தோம்.

மூன்றாவது சபையில், எந்த நாமத்தைச் சொல்லி ஞானஸ்நானத்தில் முழுக்கினார்கள் என்பது சிக்கலாகிவிட்டது. முன்பு எடுத்த முழுக்கு செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள். உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம், அமராவதி வாய்க்காலுக்கு ஒரு வேனில் போனோம். எனக்குப் பத்து வயது. நானும் எடுத்தாக வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அணையில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம், வாய்க்கால் சுழித்துக்கொண்டு ஓடியது. பாஸ்டர் என் மூக்கைப் பிடித்து மல்லாக்கச் சாய்த்தார். நான் பயத்தில் அவர் சட்டையை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எழுந்து இருமிக்கொண்டு நிற்கிறேன், கரையிலிருந்து அப்பாவின் குரல் வருகிறது. “பாஸ்டர், வலது கை முழுகலீங்க. முட்டிக்கு மேல வெளியவே நின்னுபோச்சுங்க.” உடம்பு முழுவதும் மறைந்தால்தான் முழுக்கு. பாஸ்டர் என் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு இரண்டாவது முறை அழுத்தினார். அந்தத் தண்ணீரின் மண் ருசி இன்றைக்கும் தொண்டையில் இருக்கிறது. அப்பா கெட்டவர் இல்லை. கரையேறியதும் தன் வேட்டியை அவிழ்த்து எனக்குப் போர்த்திவிட்டு, டவுசரோடு நின்று அழுதார். மகளுடைய ஒரு கை நரகத்துக்குப் போய்விடக் கூடாதே என்று உண்மையாகவே பயந்த மனிதர் அவர். அந்தப் பயத்தின் பெயர் அன்பு என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆனது, புரிந்த பிறகும் பயம் போகவில்லை.

இந்த நாட்டில் குடியேறியதும் நகராட்சியில் பதிய வேண்டும். படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. நான் கிறிஸ்தவள் என்று எழுதினேன். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் தலையை ஆட்டி, “எவாங்கெலிஷா, கத்தோலிஷா?” என்றார். லுத்தரன் வழியா, கத்தோலிக்கமா என்று கேள்வி. நான் அப்பா போன வழியையெல்லாம் தப்பும் தவறுமாக விளக்கத் தொடங்கினேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் ஒன்றுமில்லை” என்று ஒரு கோடு இழுத்துவிட்டார். முதலில் கொதிப்பாக இருந்தது. தெருவுக்கு வந்ததும் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதன் பிறகு ஆறு வருடம் நான் எந்தக் கோயில் படியையும் மிதிக்கவில்லை. இங்கே அதை யாரும் கேட்பதும் இல்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பாதிப்பேர் சபையை விட்டு விலகியவர்கள். அரசு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் விலகிவிடலாமாம். வசன ஆதாரம் வேண்டாம், ரிஜிஸ்டர் தபால் வேண்டாம். பக்கத்து ஊரில் ஒரு கோயிலை விற்று, உள்ளே சுவர் ஏறிப் பழகும் கூடம் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் ஞாயிறுதோறும் அப்பா போனில் கேட்பார், “சபைக்குப் போனியா கண்ணு?” நான் சொல்வேன், “போனனுங்கப்பா.” வாரம் ஒரு பொய், ஆறு வருடம்.

போன வருடம் ஐப்பசியில் அம்மா அழைத்தாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி, மூன்று இடத்தில் அடைப்பு, அடுத்த வாரம் வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. சனிக்கிழமை காலை கோவையில் இறங்கி நேராக அவிநாசி சாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா பாதியாக இளைத்திருந்தார். ஏழாவது சபையையும் விட்டு விலகி மூன்று வருடமாகியிருந்தது. வீட்டிலேயே அவரும் அம்மாவும் பாய் விரித்து உட்கார்ந்து ஆராதனை செய்துகொண்டார்கள். இரண்டு பேர் கொண்ட சபை. அதிலும் அம்மாவின் விசுவாசத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா சொன்னார். “கண்ணு, ஏழு சபையும் பாத்துப்போட்டேன். ஒண்ணும் அளவுக்கு ஏறுல. இப்ப எனக்குப் பயமா இருக்குது. நெஞ்சை அறுக்கறதுக்கு முன்னால அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கோணும். யாரு கையில எடுக்கறது? நாளைக்குக் கணக்குக் கேட்டா என்ன சொல்றது?” நற்கருணையைத்தான் சொன்னார், அதை ஒரு சபைப் போதகர் கையால்தான் எடுக்க வேண்டும்.

“நீங்களே ஒரு எடம் சொல்லுங்கப்பா. நான் போய்க் கூட்டியாரேன்.”

“என்னால இனி முடியாது. நீ சொல்லு. சுவிசேஷம் வந்ததே நீ இருக்கற ஊர்ல இருந்துதான். நீ வாராவாரம் போறவ. மூலச் சபை எப்படியிருக்குதுன்னு உனக்குத்தான் தெரியும். நீ கையக் காட்டற சபையில நான் எடுத்துக்கறேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் பொய் தெரியும் என்று அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவின் முகத்தில் அப்படியொரு நம்பிக்கை. ஏழு சபை ஏறி இறங்கியவர் கடைசியில் வந்து நின்ற இடம், படிவத்தில் கோடு இழுத்துக்கொண்ட நான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்தேன். கணபதியில் நாங்கள் முன்பு போன பெந்தெகொஸ்தே கூடம் இப்போது மூன்று மாடி. பாஸ்டர் அன்பாகத்தான் பேசினார், ஆனால் பின்வாங்கிப்போனவர் முதலில் உபவாசக் கூட்டத்தில் வந்து அறிக்கை செய்ய வேண்டும் என்றார். நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒயரோடு படுத்திருப்பவர் எங்கே வருவது? ஆர்.எஸ்.புரத்துப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் அப்பம் பிட்கும் சபை. அங்கிருந்த சகோதரர் அப்பாவை நன்றாக நினைவு வைத்திருந்தார். “அவுரு எங்க ஐக்கியத்துல இல்லீங்களே அம்மணி” என்று மெதுவாகச் சொல்லி, எனக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். ஒவ்வொரு வாசலிலும் அப்பாவின் கடிதம் எனக்கு முன்னால் வந்து நின்றது. ஒருவரும் அதைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை. தன் வாயால் கெட்ட தவளை என்பார்களே, அப்பா தன் கையெழுத்தால் கெட்டவர்.

சாயங்காலம் கடைசியாக, அவர் முதலில் விட்டுவந்த லுத்தரன் கோயிலுக்குப் போனேன். அங்கே போதகரை ஐயர் என்பார்கள். என்னைவிட இளையவர். பெயரைச் சொன்னதும் அலமாரியிலிருந்து பழைய ஃபைல் ஒன்றை எடுத்துப் பிரித்தார். நான்கு பக்கமும் அப்பாவின் கையெழுத்து, பட்டறை வரைபடத்தில் எழுதுவதுபோல் தனித்தனி எழுத்தாக. இந்தக் கோயிலை அவர் பாபிலோன் என்று எழுதியிருந்தார். வெட்கத்தில் தலை குனிந்துகொண்டேன்.

“இதெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லீங்க” என்றார் ஐயர். “நாளைக்கே வந்து குடுக்கறேன். ஆனா எங்க சபை ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குதுங்க. மறு ஞானஸ்நானம் எடுத்துப் பேரு நீங்கினவங்க, முதல்ல எடுத்ததே போதும்னு ஒரு வரி கைப்பட எழுதிக் குடுக்கோணும். அவ்வளவுதானுங்க.”

அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியை எழுதினால் அம்மா கழற்றிய தாலி வீண், அமராவதி வாய்க்காலில் நான் குடித்த தண்ணீர் வீண், முப்பது வருடம் வீண் என்று அப்பா தன் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி. நான் நர்ஸ். அறுவைக்கு முன் நோயாளியைக் கலங்க விடக் கூடாது என்பது முதல் பாடம். திங்கள் முழுக்க அவர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும் “பாத்தியா கண்ணு?” என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேறு வழியில்லாமல் சொன்னேன்.

அப்பா தலையணையை இழுத்துச் சாய்ந்துகொண்டார். பிறகு கேட்டார். “அங்க நீ போறதும் இந்தச் சபைதானா?”

“ஆமாங்கப்பா.”

“அவங்களும் முதல்ல எடுத்ததே போதும்னுதான் சொல்றாங்களா?”

“சொல்றாங்கப்பா.”

“கூட்டம் வருதா?”

“நெறைய வருதுங்கப்பா. ஞாயித்துக்கெழமை உக்கார எடமே கெடைக்காது.”

இந்தக் கடைசிப் பொய்க்கு அவசியமே இல்லை. ஆனால் அதைக் கேட்டதும்தான் அவர் முகம் தெளிந்தது. காகிதம் கேட்டார். ஊசி குத்திய கையால், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, அந்த ஒரு வரியை எழுதினார். எழுதி முடித்து அம்மாவைப் பார்த்தார். “அப்ப... உன்ற தாலியை...” என்று ஆரம்பித்தார். அம்மா தண்ணீர் டம்ளரை நீட்டினாள். “அதைப் பொறவு பாத்துக்கலாங்க. மொதல்ல மாத்திரையைப் போடுங்க.”

புதன்கிழமை ஐயர் வந்தார். வெள்ளை அங்கியை ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் போய் மாட்டிக்கொண்டு வந்து, கட்டிலருகில் நின்று அப்பமும் திராட்சரசமும் கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டார். ஐயர் என்னிடமும் நீட்டினார். தகுதியில்லாமல் எடுப்பவர் தனக்குத்தானே ஆக்கினையைத் தேடிக்கொள்கிறார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் எடுத்தேன்.

வியாழக்கிழமை நான்கரை மணி நேரம். உள்ளே என்ன செய்வார்கள் என்று எனக்குப் படிப்படியாகத் தெரியும். எந்த நேரத்தில் இதயத்தை நிறுத்துவார்கள் என்றும் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. இந்த மனிதர் இப்போது செத்தால் என் பொய்யின் மேல் தலை வைத்துச் சாகிறார். மேலே போய், என் மகள் சொன்னாள் என்று சொல்வார். ‘நிறுத்திய இதயம் மறுபடி ஓடட்டும், நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்’ என்று, யாரிடம் என்று தெரியாமலே பொருத்தனை பண்ணிக்கொண்டேன்.

இதயம் ஓடியது. நான் உண்மையைச் சொல்லவில்லை.

சொல்லத்தான் மூன்று வாரம் தங்கினேன். ஆனால் அப்பா தையல் பிரித்த கையோடு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம், “என்ற புள்ளையும் ஜெர்மனியில இதே சபைதானுங்க. அங்க உக்கார எடங் கெடைக்காதாமுங்க” என்றார். ஏழு சபையிலும் நான் பார்த்திராத ஒரு நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அளவுகோலைக் கீழே வைத்துவிட்ட மனிதரின் நிம்மதி. நான் வாயைத் திறந்தால் அது போய்விடும். இதயம் தையல் போட்ட இதயம்.

திரும்பி வந்த வாரமே இங்குள்ள சபை அலுவலகத்துக்குப் போனேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அங்கிருந்த அம்மாள், “விலகுவதற்கு இங்கே இல்லை, அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டும்” என்று வழி சொன்னார். சேர வந்திருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நிச்சயமாகவா?” என்றார். நிச்சயம் என்ற சொல்லைத் தேடித்தான் எங்கள் வீட்டில் முப்பது வருடம் போனது. “அப்பாவுக்காக” என்றேன். இறந்துபோன அப்பா என்று நினைத்துக்கொண்டார் போலும், என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். நான் திருத்தவில்லை. பொய்க்கு மேல் பொய் என்றாலும் இதை நான் சொல்லவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். இருநூறு பேர் உட்காரும் கோயிலில் பதினொரு பேர், என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு. எல்லோரும் என் முதியோர் இல்லத்துக்கு வரும் வயது. பாதிப் பிரசங்கம் புரியும். ஒரு வாரம் அப்பா, “கூட்டத்தோட ஒரு போட்டோ அனுப்பு கண்ணு, இங்க ஐயருக்குக் காட்டோணும்” என்றார். இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளை இங்கே ஹைலிகாபென்ட் என்பார்கள். அன்று மாலை நான்கு மணிக்குப் போனால் கோயில் நிரம்பி வழிகிறது! விலகியவர்கள், விலகாதவர்கள், குழந்தைகள், ஊரே வந்திருக்கிறது. எனக்கு உட்கார இடமில்லை. வருடத்துக்கு ஒருநாள் என் பொய் உண்மையாகிறது. கதவோரம் நின்று படம் எடுத்து அனுப்பினேன். அப்பா அதைப் பெரிதாக அச்சுப் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாராம்.

ஊரில் இதை வாசிப்பவர்களே, அவரைப் பார்த்தால் சொல்லிவிடாதீர்கள். என்னைப்போல் இங்கே வந்து கிடப்பவர்களே, ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எது சரியான சபை என்று எனக்கு இன்னும் தெரியாது. அப்பாவை அனுப்பி வைத்த இடம் தவறென்றால் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம் படுக்கையிலும் விடுவதில்லை.

போன வாரம் அம்மா சொன்னாள். “நீ அங்க கோயில்ல இருக்கற நேரம்னு, ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரெண்டரைக்குச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு நாற்காலியில உக்காந்துக்கறாரு. தூங்கறதில்ல. டிவி போட உடறதில்ல. என்ற புள்ள அங்க நெருக்கத்துல உக்காந்திருப்பா, நாம சாஞ்சு கெடக்கலாமான்னு என்னையும் உக்கார வெச்சுப்போடறாரு.”

இங்கே அப்போது காலை பத்து. எனக்கு முன்னும் பின்னும் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. நீளமான பெஞ்சின் ஓரத்தில், பக்கத்தில் ஆட்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல், தோளைக் குறுக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒடுங்கி உட்காருகிறேன்.